அது கைச்செலவு இல்லீங்க தம்பி

கேள்வி (லெட்டரோட சுருக்கம்): எனக்கு 47 வயசு. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில 23 வருஷம் மெயின்டெனன்ஸ் ஃபிட்டரா இருந்தேன். யூனிட்டை மூடிட்டாங்க. கிராஜுவிட்டி, செட்டில்மென்ட் எல்லாம் சேத்து 9 லட்சம் வந்துச்சு. இனிமே எவன்கிட்டயும் கை கட்டி நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு டீக்கடை பிரான்சைஸ் 8 லட்சத்துக்கு வருது, எடுக்கலாமா? நாலு மாசமா சம்பளம் இல்ல, கடவுள் புண்ணியத்துல வீடு ஓடுது. மனைவி வீட்டுல மாவு அரைச்சு அக்கம்பக்கம் ஒரு 40 வீட்டுக்குக் குடுப்பா, அது அவ கைச்செலவுக்கு. பெரியவன் பிளஸ் டூ, சின்னவ ஒன்பதாவது.

பதில்:

தம்பி, வேலை போனதுக்கு ஆறுதல் சொல்ல நாலு மாசமா ஊரே இருந்திருக்கும், நான் அதுக்கு வரல. உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன், மூணு தடவையும் அந்த மாவு வரியிலதான் வந்து நின்னேன். டீக்கடையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, போர்டு கலர் கூட விடல. மாவுக்கு ஒரே ஒரு வரி.

கைச்செலவா? 40 வீடு தம்பி. ஒரு வீடு வாரத்துக்கு மூணு கிலோ வாங்குதுன்னு வைங்க, கிலோ 40 ரூபான்னே போடுங்க, வாரத்துக்கு 4,800, மாசம் 20,000 கிட்ட வியாபாரம் ஆகுது. அரிசி, உளுந்து, கரண்ட் போக பாதி நின்னாலும் 10,000. நாலு மாசமா சம்பளம் இல்லாம எப்படிங்க வீடு ஓடுச்சு? பால்காரருக்கு யாரு குடுத்தா, பையன் டியூஷனுக்கு யாரு கட்டினா? கடவுளுக்கு நானும் தினம் விளக்கு ஏத்தறவதான், ஆனா உங்க வீட்டுல அந்தப் புண்ணியம் விடிகாலைல எந்திரிச்சு கிரைண்டரைக் கழுவிட்டு இருந்துச்சு, நீங்க போர்வைய இழுத்து மூடிட்டுப் படுத்திருந்தீங்க.

எங்கப்பா மில்லுல இருந்தாரு. மில்லு நின்னப்ப அம்மா ஜாக்கெட் தெச்சுதான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சாங்க. அப்பா தினம் காலைல அம்மாவோட பட்டன் டப்பாவுல இருந்து பஸ் காசு எடுத்துட்டுப் போவாரு, அந்த டப்பா எப்படி நிறையுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல, நல்ல மனுஷன்தான், ஆனா கேட்டதில்ல. அம்மாவுக்கு கடைசி வரைக்கும் அந்த வருத்தம் இருந்துச்சு. அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு கடுமையா பேசறேன்.

இப்ப டீக்கடைக்கு வர்றேன். பிரான்சைஸ் ஃபீஸ்னு கட்டற பணம் கடைய மூடினா திரும்ப வராது, கவுன்டர், லைட்டு, போர்டுக்குப் போட்டதும் வராது. டீத்தூள்ல இருந்து கப் வரைக்கும் அவங்ககிட்டயே வாங்கணும்பாங்க, சில பேர் விக்கறதுல இத்தனை சதவீதம்னு ராயல்டியும் கேப்பாங்க, இதுக்கு மேல கடை அட்வான்ஸ், வாடகை, டீ மாஸ்டர் சம்பளம். கை கட்டி நிக்க மாட்டேன்னுட்டு 8 லட்சம் குடுத்து கை கட்டி நிக்கப் போறீங்க. கையில மிச்சம் 1 லட்சம், பையன் அடுத்த வருஷம் காலேஜ். எடுக்காதீங்க.

தொழில் உங்க வீட்டுல ஏற்கெனவே நடந்துட்டு இருக்கு, ஆனா முதலாளி நீங்க இல்ல. அவங்க பிடிச்சு வச்சிருக்கற 40 வீடு, விளம்பரமே இல்லாம மாவு புளிக்காம இருக்குங்கற ஒரே காரணத்துக்காக வர்ற வீடு. மாவு போடறவங்க முக்கால்வாசிப் பேரு கணக்க மாசக் காலண்டர்லதான் குறிப்பாங்க, யாருக்கு எத்தனை கிலோ, யாரு பாக்கின்னு பேனாவால பொடிப்பொடியா எழுதியிருப்பாங்க. உங்க வீட்டுச் செவுத்துல அது இருந்துச்சுன்னா அதத்தான் நீங்க முதல்ல படிச்சிருக்கணும்.

நீங்க ஃபிட்டர் தம்பி, 23 வருஷம் மோட்டாரோடயே இருந்தவரு. 1955ல கிரைண்டரையே கண்டுபிடிச்ச ஊரு நம்ம ஊரு, புவிசார் குறியீடே வாங்கியிருக்கோம். அந்த ஊர்ல இருந்துட்டு உங்க வீட்டம்மா ரெண்டு லிட்டர் கிரைண்டர்ல நாலு ஈடு போடறாங்களா அஞ்சு ஈடு போடறாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா? மோட்டார் சூடேறி மாவும் சூடாச்சுன்னா சீக்கிரம் புளிச்சுடும், சித்திரை வைகாசில சொல்லவே வேண்டாம், ஐஸ் தண்ணி ஊத்தித்தான் அரைக்கணும். பெரிய கமர்ஷியல் டில்டிங் கிரைண்டர், மாவு வைக்க ஒரு நல்ல ஃபிரிட்ஜ், கொண்டு போய்க் குடுக்க வண்டி, இதுக்கு 8 லட்சம் தேவையே இல்ல. மெஷின் பாக்கறது, மூட்டை தூக்கறது, டெலிவரி, பாக்கி வசூல் இதெல்லாம் உங்க வேலை. விலை, பக்குவம், யாருக்குக் கடன் குடுக்கறதுங்கறது அவங்க வேலை.

சாப்பாட்டுப் பொருள் விக்கறதுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ ரெஜிஸ்ட்ரேஷன் அவங்க பேர்ல எடுங்க, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம், அதுவும் அவங்க பேர்லதான். இதெல்லாம் கையில வச்சுக்கிட்டு மாவட்ட தொழில் மையத்துல போய் பெண்களுக்கு என்ன மானியக் கடன் இருக்குன்னு அவங்களையே கேக்கச் சொல்லுங்க, நீங்க கூட நில்லுங்க. ஒண்ணு சொல்லிடறேன், கையெழுத்துக்கு மட்டும் மனைவி, கல்லாவுல நான்னு ஆரம்பிச்சுடாதீங்க, அப்படிக் கடனை மட்டும் தலையில சுமந்துட்டு நிக்கற பொம்பளைங்க லெட்டர் எனக்கு எத்தனையோ வருது. பேங்க் அக்கவுன்ட் அவங்களுது, பாஸ்புக் அவங்ககிட்ட. அவங்க இந்தத் தொழிலப் பெருசு பண்ண விருப்பமில்ல, உடம்பு முடியலைன்னு சொன்னா அதையும் ஒத்துக்கிட்டு, ஃபிட்டர் கைக்கு சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் வேலை தேடுங்க. ஒரு குடும்பத்தலைவன் இன்னொருத்தர்கிட்ட சம்பளம் வாங்கறதுல எந்தக் கேவலமும் இல்ல.

அவங்ககிட்ட இதப் பத்திப் பேசிட்டேன்னு லெட்டர்ல எங்கயுமே நீங்க எழுதல. இன்னைக்கு அரிசி ஊறப்போடறது நீங்களா இருங்க. எத்தனை படி, எத்தனை மணிக்குன்னு அவங்களத்தான் கேக்கணும்.