டெஸ்க் ஜாப்ல இருந்துக்கிட்டு கடைசி 4 கிலோவ எப்படி குறைக்கறது?

நீங்க கேட்டது இது: 'எட்டு கிலோ குறைச்சிட்டேன், கடைசி நாலு கிலோ மட்டும் மாசக்கணக்கா அசைய மாட்டேங்குது, நாள் பூரா சேர்லதான் உக்காந்திருக்கேன், சாப்பாட்ட இன்னும் குறைக்கவா?' அந்த கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இப்பவே கம்மியா சாப்பிடறீங்கன்னா தயவுசெஞ்சு இன்னும் குறைக்காதீங்க. நான் அதத்தான் பண்ணேன், ரெண்டு மாசம் போச்சு, முடி கொட்ட ஆரம்பிச்சது, வெயிட் மட்டும் அப்படியே இருந்துச்சு.

என் கணக்க சொல்றேன், உங்களுக்கு ஒத்துப்போகும்னு நெனைக்கறேன். உயரம் 158 செமீ, அப்ப வயசு 36. 69 கிலோல ஆரம்பிச்சு ஏழு மாசத்துல 62க்கு வந்தேன். அதுக்கப்புறம் அஞ்சு மாசம் 61.6, 62.3, 61.9னு அங்கயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. 58க்கு போகணும்னு டார்கெட்.

மிஃப்லின் செயின்ட் ஜியோர்னு ஒரு ஃபார்முலா இருக்கு, 1990ல வந்தது, நிறைய டயட் ஆப்ல உள்ள ஓடறது இதுதான். வெயிட்ட 10ஆல பெருக்கி, உயரம் செமீல எவ்ளோவோ அத 6.25ஆல பெருக்கி ரெண்டயும் கூட்டி, அதுல இருந்து வயசு இன்டு அஞ்ச கழிக்கணும், அப்புறம் பொண்ணுங்கன்னா 161 கழிக்கணும், ஆம்பளைங்கன்னா 5 கூட்டணும். எனக்கு 62 கிலோல 1266 வந்துச்சு. இது சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கற கலோரி. உக்காந்தே பாக்கற வேலைன்னா இத 1.2ஆல பெருக்க சொல்வாங்க, அப்ப ஒரு நாளைக்கு சுமார் 1520. ஒரு கிலோ கொழுப்புல தோராயமா 7700 கலோரி இருக்குன்னு எடுத்துக்கிட்டா, மாசம் ஒரு கிலோ குறையணும்னா தினமும் 250 கலோரி பள்ளம் விழணும், அதாவது எரிக்கறத விட அவ்ளோ கம்மியா சாப்பிடணும். 1520ல 250 போனா 1270. குள்ளமா, கொஞ்சம் ஒல்லியா, நாள் பூரா உக்காந்தே இருக்கற ஒரு ஆளுக்கு இருக்கற இடமே அவ்ளோதான். 100 கிலோல இருக்கறவங்களுக்கு 600, 700 கலோரி குறைக்க இடம் இருக்கும், அதுல 200 தப்பு பண்ணாலும் வெயிட் இறங்கும். நமக்கு கிட்டத்தட்ட அந்த 200தான் மொத்தமே. கடைசி நாலு கிலோ கஷ்டமா இருக்கறதுக்கு மர்மமா எந்த காரணமும் இல்ல, பள்ளம் ரொம்ப சின்னது, எத போட்டாலும் ரொம்பிடும்.

இது புரியாம நான் 1250ல இருந்து 1000க்கு இறங்கினேன். 1200க்கு கீழ போறது டாக்டர் கண்காணிப்பு இல்லாம பண்ணக்கூடாத விஷயம், அப்ப அத யாரும் எனக்கு சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் எதேச்சையா போன்ல ஹெல்த் ஆப்ப திறந்து பழைய ஸ்டெப்ஸ் கணக்க பாத்தேன். வெயிட் நல்லா இறங்கிட்டு இருந்த மாசங்கள்ல தினசரி சராசரி 6200. வெயிட் நின்னு போன மாசங்கள்ல 4100. 1000 கலோரி சாப்பிட்ட ரெண்டு மாசத்துல 2700! நான் எதையுமே வேணும்னு நிறுத்தல. சாயந்திரம் அலுப்பா இருக்குன்னு வாக்கிங் விட்டுப்போச்சு, படிக்கு பதிலா லிஃப்ட், பக்கத்து சீட்ல இருக்கறவங்க கிட்ட எழுந்து போய் கேக்க வேண்டியத சாட்ல கேட்டது, வீட்டுக்கு வந்ததும் சோஃபா. சாப்பாட்ட குறைக்க குறைக்க உடம்பு அசைவ குறைச்சிக்கிட்டே வந்திருக்கு, எனக்கு தெரியவே இல்ல. அந்த ஸ்கிரீன பாத்தப்ப அழுகையே வந்துடுச்சு, ஏன்னா அத்தன நாள் எனக்கு மன உறுதி இல்லன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் இத பத்தி தேடி படிச்சேன். அமெரிக்காவுல மேயோ கிளினிக்னு ஒரு ஆஸ்பத்திரில ஜேம்ஸ் லெவின்னு ஒரு டாக்டர் குழு 1999ல சயின்ஸ் பத்திரிகைல போட்ட ஆய்வு ஒன்னு. 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் தேவைய விட 1000 கலோரி அதிகமா குடுத்தாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு எக்ஸ்ட்ரா, ஆனா ஒருத்தருக்கு ஏறின கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருத்தருக்கு 4.23 கிலோ. வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சுன்னா ஜிம்ல இருந்து இல்ல. எழுந்திருக்கறது, நிக்கறது, கால ஆட்டறது, அங்கயும் இங்கயும் நடக்கறதுன்னு எக்சர்சைஸ் லிஸ்ட்லயே வராத அசைவுலதான். அதிகமா சாப்பிட்டா சிலருக்கு இது தானா கூடுது, கம்மியா சாப்பிட்டா நிறைய பேருக்கு இது தானா குறையுது. டெஸ்க் ஜாப்ல இருக்கறவங்களுக்கு ஏற்கனவே இது அடிமட்டத்துல இருக்கு, அதுலயும் டயட் வந்து இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்குது.

இது பாதி கதை. மீதி பாதி சாப்பாட்டு கணக்கு. நான் 1250தான் சாப்பிடறேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். கிச்சன் வெயிங் ஸ்கேல் ஒன்னு வாங்கி, 1250னு நெனச்ச அந்த பழைய சாப்பாட்ட ரெண்டு வாரம் அளந்து பாத்தா 1480, 1510னு வருது. சமைக்கறப்ப கண்ணளவுல ஊத்தின எண்ணெய், ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய்னாலே சுமார் 120 கலோரி. ஒரு கைப்பிடி நட்ஸ்னு எழுதி வெச்சது 30 கிராம், 170 கலோரிக்கு மேல. ஆஃபீஸ்ல மூணு வேளை டீ, அதுல போற சக்கரை, நான் அத கணக்குலயே சேக்கல. மீட்டிங் ரூம்ல யாரோ வெச்ச பிஸ்கட் ரெண்டு. 1992ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 1200 கலோரிக்கு கம்மியா சாப்பிட்டும் வெயிட் குறையலன்னு சொன்னவங்கள வெச்சு பண்ணது. அவங்க மெட்டபாலிசம் நார்மலாதான் இருந்துச்சு. ஆனா சாப்பிட்டத சராசரியா 47 சதவீதம் கம்மியாவும், உடல் உழைப்ப 51 சதவீதம் அதிகமாவும் சொல்லியிருந்தாங்க. அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் நெனைக்கல, நானும் பொய் சொல்லல, மனுஷ கண்ணுக்கு அளக்க தெரியாது அவ்ளோதான். அதனால உங்கள திட்டிக்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு வாரம் அளந்து பாருங்க, வாழ்நாள் பூரா அளக்க வேணாம்.

சரி என்ன மாத்தினேன்னு சொல்றேன். சாப்பாட்ட 1000ல இருந்து நிஜமா அளந்த 1450க்கு ஏத்தினேன். பயமா இருந்துச்சு, ஆனா ஏத்தினேன். ஒவ்வொரு வேளையிலயும் புரோட்டீன் முதல்ல, உடம்பு எடைல கிலோவுக்கு 1.2 கிராமாவது வர்ற மாதிரி, அதுல பசி பாதி அடங்கிடுச்சு. அப்புறம் என் முழு கவனமும் நாள் பூராவும் இருக்கற அசைவுலதான்.

இங்க ஒன்னு சொல்லணும், காலைல ஒரு மணி நேரம் ஜிம் போய்ட்டு மீதி பத்து மணி நேரம் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருந்தா எனக்கு வேலைக்கு ஆகல, ஜிம் போன களைப்புல மத்த நேரம் இன்னும் கம்மியா அசைஞ்சேன். அதனால சின்ன சின்னதா உடைச்சேன். பெரிய வாட்டர் பாட்டில வீட்டுலயே வெச்சிட்டு 300 மில்லி டம்ளர் மட்டும் டெஸ்க்ல, தண்ணி வேணும்னா எழுந்துதான் ஆகணும். ரெண்டு மாடி தள்ளி இருக்கற ரெஸ்ட்ரூம், படில. நான் பேச தேவையில்லாத ஃபோன் கால் எல்லாம் ஹெட்செட் மாட்டிக்கிட்டு காரிடார்ல நடந்துக்கிட்டே கேக்கறது. லஞ்ச் முடிச்சதும் 10 நிமிஷம், சாப்பிட்ட உடனே மெதுவா நடக்கறது ரத்தத்துல சக்கரை சட்டுனு ஏறாம பாத்துக்கறதுக்கும் நல்லது, எனக்கு அந்த மூணு மணி தூக்கம் போயே போச்சு. நாலு மணிக்கு காலண்டர்ல 15 நிமிஷம் பிளாக் பண்ணி வெச்சேன். மேனேஜர் ஒரு நாள், "உங்களுக்கு தினமும் நாலு மணிக்கு என்னங்க மீட்டிங்?"னு கேட்டாங்க. "நடக்க போறேன் மேடம், வந்ததும் இன்னும் நல்லா வேலை ஓடுது"னு உள்ளத சொன்னேன். ஒன்னும் சொல்லல, அடுத்த மாசத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் அவங்களும் கூட வராங்க.

10,000 ஸ்டெப்ஸ் போகலன்னா வேஸ்ட்னு நெனச்சு விட்டுடாதீங்க. அந்த நம்பர் 1965ல ஜப்பான்ல வித்த ஒரு ஸ்டெப் எண்ணற மீட்டரோட பேர்ல இருந்து பரவினது, மருத்துவ அளவு கோல் கிடையாது. உங்க இப்போதைய சராசரி என்னவோ அதுல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 1000 கூட்டுங்க. நான் 2700ல இருந்து 7500க்கு போக ரெண்டரை மாசம் ஆச்சு. அந்த வித்தியாசம் எனக்கு ஒரு நாளைக்கு நூறு கலோரிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், கேக்க சின்னதா இருக்கு, ஆனா மொத்த பள்ளமே 200னு இருக்கறப்ப இது பாதி.

ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. முதுகு வலிக்கு சிலருக்கு உதவும், வெயிட்டுக்காகன்னா வேணாம். பல ஆய்வுகள சேத்து பாத்து 2018ல வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்குப்படி 65 கிலோ ஆள் தினமும் ஆறு மணி நேரம் உக்காராம நின்னா கூடுதலா எரியறது 54 கலோரி. கால் வலி வந்ததுதான் எனக்கு மிச்சம். அந்த நேரத்துல கொஞ்சம் நடந்துடலாம்.

தசை பயிற்சி வாரத்துல ரெண்டு நாள் கண்டிப்பா வேணும், உலக சுகாதார நிறுவனமும் அததான் சொல்லுது. நான் வீட்டுலயே ஸ்குவாட், சுவத்துல புஷ்அப், ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்து பயிற்சி பண்ற ரப்பர் பட்டை)னு 25 நிமிஷம் பண்றேன். தூக்கமும் அப்படித்தான், 2010ல ஒரு சின்ன ஆய்வுல பத்தே பேர், அதே டயட்ல 14 நாள் எட்டரை மணி நேரம் படுக்கைல இருக்க விட்டப்ப 1.4 கிலோ கொழுப்பு போச்சு, அஞ்சரை மணி நேரமா குறைச்சப்ப 0.6 கிலோதான், ரெண்டு தடவையும் மொத்த வெயிட் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்குச்சு. அதாவது தூக்கம் இல்லன்னா கொழுப்புக்கு பதிலா தசை கரையுது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் லேப்டாப்போட இருந்துட்டு டயட்ட குறை சொல்லாதீங்க.

இப்ப எடை மெஷின் பத்தி, இதுலதான் நிறைய பேர் மனசு உடைஞ்சு போறாங்க. நல்லா போனாக்கூட இந்த கட்டத்துல வாரத்துக்கு 150 கிராம்தான் இறங்கும். ஆனா உடம்புல தண்ணி மட்டும் ஒரே நாள்ல ஒரு கிலோ ஏறும் இறங்கும். உப்பு அதிகமா சாப்பிட்டா ஏறும், கார்போஹைட்ரேட் அதிகமா சாப்பிட்டா ஏறும், ஏன்னா உடம்பு அத கிளைக்கோஜன்ங்கற வடிவத்துல சேத்து வெக்கும், அப்படி சேர்ற ஒரு கிராம் கிளைக்கோஜனோட சுமார் மூணு கிராம் தண்ணியும் ஒட்டிக்கும். பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ்க்கு முன்னாடியும் ஏறும், எனக்கெல்லாம் ஒன்றரை கிலோ ஏறும். ஒரு கிலோ ஆடற அலைல 150 கிராம தேடினா எப்படி தெரியும்? அதனால தினமும் காலைல பாத்ரூம் போய்ட்டு வந்து பாத்து எழுதி வெச்சிட்டு வார சராசரிய மட்டும் பாருங்க, பொண்ணுங்கன்னா இந்த மாச சைக்கிள்ல ரெண்டாவது வாரத்த போன மாச ரெண்டாவது வாரத்தோட ஒப்பிடுங்க. தினம் நம்பர் பாத்தா மனசு பதறுதுன்னா மெஷின தூக்கி வெச்சிட்டு இன்ச் டேப் போதும். முதல் ரெண்டு மாசம் எனக்கு வெயிட் அரை கிலோ கூட இறங்கல, இடுப்பு 33ல இருந்து 32 இன்ச்சுக்கு வந்திருந்துச்சு. டேப் இல்லன்னா நான் அப்பவே விட்டிருப்பேன்.

இன்னொன்னு மனசார சொல்றேன். இந்த நாலு கிலோ உங்களுக்கு நிஜமாவே போகணுமான்னு ஒரு தடவ டாக்டர் கிட்ட கேளுங்க. பிபி, சுகர், இடுப்பளவு எல்லாம் நல்லா இருந்தா இப்ப இருக்கற எடையிலயே நின்னாலும் அது தோல்வி இல்ல. எப்பவும் களைப்பு, குளிர், முடி கொட்டறது இருந்தா தைராய்டு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) டெஸ்ட் பண்ணிடுங்க. பால் குடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சாப்பாட்டோட சண்டை போட்ட (பட்டினி கிடக்கறது, கட்டுப்பாடில்லாம சாப்பிடறது மாதிரி) அனுபவம் இருக்கறவங்க இந்த கலோரி கணக்கு பக்கமே தனியா வராதீங்க.

எனக்கு அந்த நாலு கிலோ போக ஏழரை மாசம் ஆச்சு. இப்ப 58.3, ஒரு வருஷமா இதுல ரெண்டு பக்கமும் ஒரு கிலோக்குள்ள நிக்குது. சாப்பாடு 1600 பக்கம் வந்திருக்கு, டீல சக்கரை அரை ஸ்பூன் போட்டுக்கறேன். ஆஃபீஸ்ல ப்ராஜெக்ட் ரிலீஸ் வர்ற வாரங்கள்ல ஸ்டெப்ஸ் 4000க்கு விழும், அது ரெண்டு மூணு வாரம் தொடர்ந்தா மாச சராசரில தெரிஞ்சிடும், அப்ப தட்டுல கை வைக்கறதில்ல, காலண்டர்ல அந்த நாலு மணி 15 நிமிஷத்த திரும்ப போட்டு வெக்கறேன்.