வாங்கிய படத்துக்கு ஏன் பூட்டு?

கேள்வி: காசு கொடுத்து டவுன்லோடு செய்த படத்தை என் அக்காவுக்குக் கொடுத்தேன். அவருடைய லேப்டாப்பில் அது திறக்கவே இல்லை. திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பதிப்புரிமையைக் காப்பாற்ற இதுதான் வழியா?

பதில்: நான் வீடியோ எடிட்டிங்கில் பிழைப்பவன். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலையை யாரோ மொத்தமாகத் தூக்கி இணையத்தில் போட்டால் எனக்கும் வயிறு எரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

அந்தப் படம் பூட்டப்பட்ட கோப்பாகத்தான் உங்களிடம் வந்தது. அதன் சாவியை நிறுவனம் தன் செயலிக்கு மட்டும்தான் கொடுக்கும். அக்காவுக்குப் போனது வெறும் கோப்பு. ஆனால் திரையில் காட்ட வேண்டுமென்றால் படத்தை எங்காவது ஓரிடத்தில் திறந்துதான் ஆக வேண்டும். அங்கே ஒரே ஒருவர் அதைப் பிடித்துவிட்டால் போதும், பூட்டில்லாத பிரதி உலகம் முழுக்கப் போய்விடும். அதற்கப்புறமும் பூட்டோடு மல்லுக்கட்டுவது காசு கொடுத்தவர் மட்டும்தான்.

டிவிடிக்குப் போட்ட சிஎஸ்எஸ் பூட்டு 1999இலேயே உடைந்தது. அதை உடைக்கும் நிரலை வெளியிட்டதற்காக நார்வே இளைஞர் யோன் யோஹான்சன் மீது வழக்குப் போட்டார்கள். முறையாக வாங்கிய டிவிடியைத் தன் கணினியில் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, 2003இல் நீதிமன்றம் விடுவித்தது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டமோ, சில விதிவிலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதையே தவறாக்கியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் தண்டிக்கிறது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. ஆயிரம் பேருக்கு ஏற்றிவிடுபவரையும் அக்காவுக்குக் கொடுப்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பூட்டை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் 2009இல் பாட்டுகளுக்குப் போட்டிருந்த பூட்டை எடுத்தது. பாட்டு விற்பனை நின்றுவிடவில்லை. படம் பெரிய முதலீடு, அதனால் பயமும் பெரிது, அது எனக்குப் புரிகிறது. அப்படியானால் யார் வாங்கிய பிரதி என்று காட்டும் கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தைக் கோப்புக்குள் வைக்கலாம். வாட்டர்மார்க் என்பார்கள். அதையும் அழிக்க முயல்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குள் பார்ப்பவரை அது தடுக்காது.

இப்போதைக்கு உங்கள் செயலியில் குடும்பக் கணக்கு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அக்காவை அதில் சேர்த்தால் சில நிறுவனங்கள் அனுமதிக்கும். அடுத்த முறை வாங்கும் முன் விதிமுறையைப் படியுங்கள். ‘வாங்கு’ என்று பட்டன் இருந்தாலும், பல இடங்களில் உங்களுக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும்தான்.