பச்சைக் கேனை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, மேலப்பாளையத்தில் சின்னதாகப் புரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாளையங்கால்வாயில்தான் போய்ச் சேருகிறது. இத்தனை நாள் லூஸில் வாங்கிய சோப் ஆயில், பிளீச்சிங் பவுடர், தரைக்கு ஆசிட் என்று ஓட்டினோம். பாத்திரம் கழுவும் அக்காவுக்குக் கையெல்லாம் வெடிப்பு. இப்போது ஒரு வியாபாரி ‘ஹெர்பல், இயற்கைக்கு உகந்தது’ என்று 5 லிட்டர் கேன் கொண்டுவந்தார். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: தம்பி, வேப்பிலைப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ‘சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்பவர் அதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறையே கொண்டுவந்திருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: பாஸ்பேட் இருக்கிறதா? மட்கும் என்பதற்குச் சோதனை அறிக்கை உண்டா? ஒரு வாளிக்கு எத்தனை மில்லி?

பாஸ்பேட்டை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது தண்ணீரில் உரம் போலத்தான் வேலை செய்யும். கால்வாயிலும் குளத்திலும் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டுவதற்கு அதுவும் தீனி. சூழலுக்கு உகந்த பொருளுக்கு மத்திய அரசு தரும், மண்பானை முத்திரை போட்ட ‘ஈகோமார்க்’ சான்று 1991 முதல் இருக்கிறது. கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம். அரிதாகத்தான் படும்.

விலையைக் கேனுக்குப் பார்க்காதீர்கள், வாளிக்குப் பாருங்கள். வாளிக்கு 20 மில்லி போதும் என்றால் 5 லிட்டரில் 250 வாளி வரும். 50 மில்லி கேட்கிற சோப் ஆயிலில் 100 வாளிதான். அப்போது இரண்டு மடங்கு விலையும் கட்டும். ஆனால் மூடியில் அளந்து ஊற்ற வேண்டும். சரித்து ஊற்றினால் எந்தக் கேனும் நஷ்டம்தான். லேபிளே இல்லாத லூஸ் சோப் ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்த அக்காவின் கைக்காகவாவது அதை விட்டுவிடுங்கள், ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

கேன் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சால்னா அண்டாவில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பழைய பேப்பரால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். ஓடையை அடைப்பதும் நாற வைப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான். வழித்தால் சோப்பும் குறைவாகவே பிடிக்கும். பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் கொட்டாதீர்கள். பயோடீசலுக்கு அதைச் சேகரிக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் விசாரியுங்கள். பிசுக்கேறிய எவர்சில்வர் அண்டாவுக்குச் சுடுதண்ணீரும் கொஞ்சம் சலவை சோடாவும் போதும், கையுறையோடு. அலுமினியத்துக்கு மட்டும் சோடா ஆகாது, கறுத்து அரித்துவிடும்.

தரைக்கு ஆசிட்டை இன்றே நிறுத்துங்கள். டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்டை அது தின்றுவிடும், பிறகு அந்தப் பள்ளத்தில்தான் அழுக்கு தங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத அடுக்களையில் உயிருக்கே உலை.

ஹெர்பல் கேன் அழுக்கை எடுக்கும். ஆனால் கிருமியையும் கொல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். கறி வெட்டும் கட்டையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேள்வி: வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்தால் நன்றாக நுரை பொங்குகிறதே, அதை வைத்தே சமாளிக்கலாமா?

பதில்: நுரை அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான், ஒன்றையொன்று முறித்துவிடும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். கொதிகலனில் படியும் வெள்ளை உப்புக்கு வினிகர், அடிப்பிடித்த சட்டிக்கு ஆப்ப சோடா. பித்தளைக்கு நம் வீட்டுப் புளி இருக்கிறது. வினிகரையும் பிளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆசிட்டுக்குச் சொன்னதுதான் அதற்கும்.