சிட்ரோனெல்லா எண்ணெய் தடவியும் கொசு கடிப்பது ஏன்?

தடவி அரை மணி நேரத்தில் மறுபடி கடிக்கிறதே, தாவர விரட்டிகள் எல்லாம் ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று இல்லை, ஆவியாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் தோலின் வாடையையும் மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. இந்த எண்ணெயிலுள்ள சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் அந்த மோப்பத்தைக் குழப்புகின்றன. எளிதில் ஆவியாவதால்தான் அவை மணக்கின்றன. அதனாலேயே சீக்கிரம் தீர்ந்தும் போகின்றன.

நீடித்து நிற்பது, எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பி.எம்.டி. (PMD) என்ற விரட்டிப் பொருள். மெதுவாக ஆவியாவதால் பல மணி நேரம் தாங்கும். அந்த மரத்தின் சுத்திகரிக்காத தைலத்தில் இது மிகக் குறைவு, இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். பி.எம்.டி.யை 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது.

சிட்ரோனெல்லா செடியைத் தொட்டியில் வைத்தால் போதுமா? இலையைக் கசக்கினால்தானே எண்ணெயே வெளிவரும்!