தட்டை லென்ஸில் எல்லா நிறங்களும் ஒரே புள்ளியில் குவியுமா?

கேள்வி: கைப்பேசிக் கேமராவின் புடைப்பையே இல்லாமல் செய்துவிடும் 'தட்டை லென்ஸ்' வந்துவிட்டதாகப் படித்தேன். தாளைவிட மெல்லிய ஒரு படலம் எப்படி ஒளியைக் குவிக்கிறது? எல்லா நிறங்களையும் அதனால் ஒரே இடத்தில் சேர்க்க முடியுமா?
— இயற்பியல் ஆசிரியை ஒருவர்

பதில்: கண்ணாடி லென்ஸ் ஏன் நடுவில் தடித்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நடுவழியாக நேரே வரும் ஒளிக்குக் குவியம் அருகில் இருக்கிறது. ஓரத்தின் வழியாகச் சாய்ந்து வரும் ஒளிக்கோ தூரம் அதிகம். நடுவிலுள்ள தடித்த கண்ணாடி முதல் ஒளியைத் தாமதப்படுத்துவதால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கின்றன. தட்டை லென்ஸ் இதில் ஒரு சலுகையை எடுத்துக்கொள்கிறது. ஓர் அலை முழுதாக ஒரு சுற்றுப் பிந்தி வந்தாலும் அதன் முகடு மற்ற அலையின் முகட்டோடு பொருந்திவிடும் என்பதால், முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் பின்னத் தாமதத்தை மட்டும் கொடுத்தால் போதும். அதற்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே போதுமானது.

சிக்கலும் அந்தச் சலுகையில்தான் இருக்கிறது. முழுச் சுற்று என்பது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வோர் அளவு. 550 நானோமீட்டர் பச்சை ஒளியை 10 செ.மீ. தொலைவில் குவிக்குமாறு வரைந்த தட்டை லென்ஸ், 450 நானோமீட்டர் நீலத்தை 12.2 செ.மீ. தொலைவிலும், 650 நானோமீட்டர் சிவப்பை ஏறத்தாழ 8.5 செ.மீ. தொலைவிலும் குவிக்கும். கண்ணாடி லென்ஸில் நீலம் முன்னே குவியும், சிவப்பு பின்னே குவியும். இங்கே வரிசை தலைகீழாக இருப்பதோடு பிரிவும் பல மடங்கு பெரிது. இந்தத் தலைகீழ்த் தன்மையையே பயனாக்கி, கண்ணாடியின் நிறப்பிறழ்ச்சியை (நிறங்கள் வெவ்வேறு இடங்களில் குவிவதை) இத்தகைய அலைத் தாமதத்தால் குவிக்கும் 'விளிம்பு விளைவு' லென்ஸால் ஈடுகட்டும் 400 மி.மீ. கேமரா லென்ஸ் ஒன்றை 2001ஆம் ஆண்டிலேயே கேனான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபெடெரிகோ கபாசோவின் குழு 2016இல் வெளியிட்ட 'மெட்டாலென்ஸ்' எனப்படும் தட்டை லென்ஸ், 600 நானோமீட்டர் உயரமுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தூண்களை நெருக்கமாக நட்டுச் செய்யப்பட்டது. அது கூர்மையாகவே குவித்தது. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி லென்ஸ் வேண்டியிருந்தது. 2018இல் அதே குழு 470 முதல் 670 நானோமீட்டர் வரையுள்ள நிறங்களை ஒரே தளத்தில் குவித்துக் காட்டியது. தூணின் திசை ஒரு நிறத்துக்குரிய பின்னத் தாமதத்தை நிர்ணயிக்க, அதன் நீள அகலங்கள் அந்தத் தாமதம் நிறத்துக்கு நிறம் எப்படி மாற வேண்டும் என்பதை நிர்ணயித்தன. இரண்டு கட்டுப்பாடுகளையும் பிரித்துக் கையாண்ட இந்த யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் அந்த லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கும் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்க முடியாததற்குக் காரணத்தைப் பள்ளிக் கணக்கிலேயே காணலாம். 5 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிதாகரஸ் தேற்றப்படி ஓர ஒளி, நடு ஒளியைவிடச் சுமார் 0.3 மி.மீ., அதாவது 300 மைக்ரான், கூடுதலாகப் பயணம் செய்கிறது. எல்லா நிறங்களும் ஒன்றுசேர வேண்டுமானால் முழுச் சுற்றுகளைக் கழிக்கும் சலுகை செல்லாது. அந்த 300 மைக்ரான் தாமதத்தையும் நடுப்பகுதி உண்மையாகவே கொடுத்தாக வேண்டும். ஒளிவிலகல் எண் 2.4 உள்ள 600 நானோமீட்டர் தூணால் கொடுக்க முடிவதோ ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான். கேமராப் புடைப்பு மறைந்துவிடும் என்ற செய்திகளை நான் நம்பத் தயங்குவது இதனால்தான்.

யூட்டா பல்கலைக்கழகத்தின் ராஜேஷ் மேனன் குழு வேறு வழியில் போனது. நானோ தூண்களை விட்டுவிட்டு, வட்ட வளையங்களின் உயரங்களைக் கணினி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எல்லா நிறங்களுக்கும் சேர்த்துச் சிறந்த விளைவு எதுவோ அதை நிலைநிறுத்துகிறது. கேமராவின் உணரி ஒளியின் செறிவை மட்டுமே அளக்கிறது, அலையின் கட்டத்தை (முகடு எந்நேரத்தில் வந்து சேர்கிறது என்பதை) அளப்பதில்லை. ஆகவே குவியத்தில் கட்டம் எப்படி இருந்தாலும் பாதகமில்லை என்பது அவர்களுடைய வாதம். வாதம் சரியானதே, எனினும் ஒளியின் ஒரு பகுதி குவியத்துக்கு வெளியே சிதறுவதை இதனாலும் முற்றிலும் தவிர்க்க முடிவதில்லை.

ஒரே நிறம் போதுமான இடங்களில் மெட்டாலென்ஸ் ஏற்கெனவே வேலை செய்கிறது: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் தூரம் அளக்கும் சிறு உணரிகளில்.

கேள்வி: புத்தகக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் அட்டை உருப்பெருக்கியும் தட்டை லென்ஸ்தானே?
— இன்னொரு வாசகர்

பதில்: தட்டையானது உண்மை, செயல்முறை வேறு. அது, 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃபிரெனெல் பொருத்திய லென்ஸின் வழிவந்தது. அதன் ஒவ்வொரு வளையமும் ஒரு சிறு பட்டகமாக நின்று ஒளிவிலகலால் ஒளியை வளைக்கிறது. விரல் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள், வரிகள் தட்டுப்படும். ஒளியின் அலைநீளத்தை விட அவை அத்தனை அகலமானவை. அச்சிட்ட பக்கத்தை அதன் ஓரத்தின் வழியாகப் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றி மெல்லிய நிறக்கோடுகள் தெரியும். அது சாதாரணக் கண்ணாடி லென்ஸில் காணும் அதே நிறப்பிறழ்ச்சிதான்.