வாசகர் கேள்வி–பதில்: வீடியோ இருந்தால் பேச்சு முடிந்ததா?

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து ஹிகின்சன் ஹைவேயில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஒரு ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) எதிரே வந்த பக்கி (பிக்கப் வண்டி) எனக்குக் குறுக்கே வலப்பக்கம் திரும்ப, மோதிவிட்டேன். யாருக்கும் காயமில்லை. மறுநாளே போலீஸில் பதிந்தேன், ஏஆர் நம்பரும் (விபத்துப் பதிவு எண்) இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தபோது "ரோபோ பச்சை, 60-க்குள்தான் வந்தேன்" என்றேன். மூலையில் இருக்கும் பெட்ரோல் கராஜின் கேமரா வீடியோவை வாங்கிப் பார்த்த அவர்கள், நான் சிவப்பில் நுழைந்தேன், வேகம் 96, சொன்னது பொய் என்று காரணம் காட்டிக் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். ரிப்பேருக்கு 84,000 ரேண்ட் கேட்கிறார்கள். "வீடியோவே இருக்கும்போது வாயைத் திறக்க முடியுமா, விட்டுவிடு" என்கிறார் என் வீட்டுக்காரர். விட்டுவிட வேண்டியதுதானா?

— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: விட வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய கடிதம், அசெஸர் (கம்பெனிக்காக விபத்தை ஆராய்பவர்) ரிப்போர்ட், அந்த வீடியோத் துண்டு மூன்றையும் பார்த்தேன், வீடியோவை மட்டும் பல தடவை ஓட்டிப் பார்த்தேன். வீடியோவில் இருப்பது ஒன்று, அதைப் பார்த்துவிட்டு அசெஸர் எழுதியிருப்பது வேறொன்று. நீங்கள் சண்டை போட வேண்டியது அந்த ரிப்போர்ட்டோடுதான்.

ஆனால் முதலில் ஒரு விஷயம், இது தெரியாமல் நம்மில் பலர் பாதியிலேயே பின்வாங்கிவிடுகிறோம். உங்களுடையது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, அதாவது உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தது. தப்பு உங்கள் மேல் என்பதற்காக மட்டும் அந்தக் கிளெய்மை மறுக்க முடியாது. கவனக்குறைவாக ஓட்டி இடித்துக்கொண்டாலும் பணம் வர வேண்டும் என்பதற்காகத்தானே மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறோம்? கம்பெனி நிராகரிக்க வேண்டுமானால் பாலிசியில் உள்ள ஏதாவது ஒரு ஷரத்தைக் காட்டி, அது உங்கள் விஷயத்துக்குப் பொருந்துகிறது என்று அவர்களே நிரூபிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டு ஷரத்து காட்டியிருக்கிறார்கள்: ஒன்று நியாயமான கவனம் எடுக்கவில்லை என்பது, இன்னொன்று கிளெய்மில் பொய்த் தகவல் கொடுத்தீர்கள் என்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், நீங்கள் பிரித்துப் பிரித்துப் பதில் எழுதுங்கள்.

கவன ஷரத்தை எடுத்துக்கொண்டால், சாதாரணக் கவனக்குறைவு அதற்குப் போதாது. ஆபத்து என்று தெரிந்தே, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஓட்டியதாகக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த 96 கிலோமீட்டர் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

சரி, அந்த 96 எங்கிருந்து வந்தது? கராஜ் கேமராவில் வேகம் காட்டும் கருவி எதுவும் கிடையாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது கணக்கு: கேமரா விநாடிக்கு 12 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) எடுக்கிறது, விளக்குக் கம்பத்திலிருந்து ஸ்டாப் கோடு வரை 20 மீட்டர், அந்தத் தூரத்தை உங்கள் கார் 9 ஃப்ரேமில் கடந்தது. அதாவது முக்கால் விநாடி. கணக்கு சரிதான், 96 வருகிறது. ஆனால் கார் கம்பத்தைத் தாண்டிய நொடி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் விழுந்திருந்தால்? 10 ஃப்ரேம் என்று எண்ணினால் 86, 8 என்று எண்ணினால் 108. ஒரே ஒரு ஃப்ரேம் இப்படியோ அப்படியோ போனால் இவ்வளவு வித்தியாசம். இதில் 96 என்று ஒற்றை எண்ணை, முன்னே பின்னே எவ்வளவு என்றுகூடச் சொல்லாமல் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தவிரவும் இந்த மாதிரிக் கடைக் கேமராக்கள் பல சமயம் ஃப்ரேம்களைச் சீரான இடைவெளியில் பதிவதில்லை, இடையில் சிலதை விழுங்கிவிடும். ஒரிஜினல் ஃபைலில் ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் பார்த்தால்தான் உண்மை தெரியும், அவர்கள் உங்களுக்கு அனுப்பியதோ கம்ப்யூட்டர் திரையைப் போனில் பிடித்த வீடியோ, அதை வைத்து எதையும் எண்ண முடியாது.

அப்புறம் அந்த 20 மீட்டர். சாட்டிலைட் படத்தில் அளந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கேமரா சாய்வாகப் பார்க்கிறது, கார் கம்பத்தை "தாண்டுவதாக" திரையில் தெரியும் இடமும் ரோட்டில் அது உண்மையில் இருக்கும் இடமும் ஒன்றல்ல. ஞாயிறு விடிகாலை வண்டி குறைவாக இருக்கும்போது உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் நடைபாதையில் நின்று டேப் வைத்து அளந்து பாருங்கள், ரோட்டில் இறங்க வேண்டாம். அந்த இடைவெளி 16 மீட்டராக இருந்தால் அதே 9 ஃப்ரேமுக்கு வேகம் 77-க்கு இறங்கிவிடும். 60 எல்லை உள்ள இடத்தில் 77-உம் தப்புதான், அபராதச் சீட்டு வந்தால் கட்டிவிடுங்கள். ஆனால் 84,000 ரேண்ட் கிளெய்மைத் தூக்கி எறிய அது போதுமா என்பது வேறு கேள்வி.

இனி சிவப்பு விளக்கு. வீடியோவில் உங்கள் பக்கத்து ரோபோவின் முகம் எங்கேயாவது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை, கம்பத்தின் முதுகுதான் தெரிகிறது. பின்னே எப்படிச் சிவப்பு என்கிறார்கள் என்றால், மோதலுக்கு ஒரு விநாடி முன்னால் குறுக்கு ரோட்டில் நின்ற டாக்ஸி நகர ஆரம்பிக்கிறது, ஆகவே அவர்களுக்குப் பச்சை விழுந்துவிட்டது, ஆகவே உங்களுக்குச் சிவப்பு. டர்பனில் ஒரு மினிபஸ் டாக்ஸி நகர்வதை வைத்துப் பச்சை விழுந்ததாக முடிவுகட்டும் மனிதர் இந்த ஊரில் ஒரு நாளாவது கார் ஓட்டியிருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். (இதை அப்படியே கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.) எழுத வேண்டியது இது: அந்த டாக்ஸிக்குப் பக்கத்து லேனில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது பாருங்கள், மோதல் நடந்து முடியும்வரை அசையவில்லை, அதன் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பச்சை விழுந்திருந்தால் அது ஏன் நிற்கிறது? அசெஸர் ரிப்போர்ட்டில் அந்தக் கார் பற்றி ஒரு வரிகூட இல்லை. டர்பனின் எதெக்வினி மாநகராட்சியின் போக்குவரத்துப் பிரிவிடம் அந்த ரோபோவின் நேர அட்டவணையைக் கேட்டு எழுதுங்கள், தகவல் பெறும் உரிமைக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி கொடுக்கிறது. மஞ்சள் எத்தனை விநாடி, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி எத்தனை விநாடி என்று தெரிந்தால் நீங்கள் மஞ்சளில் நுழைந்திருக்கலாம் என்பதைக் காட்ட முடியும்.

அடுத்தது பொய் என்ற குற்றச்சாட்டு. இதில்தான் உங்களோடு கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. போனில் சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கும். விபத்து நடந்து கை நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மஞ்சளைப் பச்சை என்று சொல்லிவிட்டால் அது ஞாபகப் பிசகு, பொய் என்றால் தெரிந்தே ஏமாற்றச் சொன்னதாக இருக்க வேண்டும், அதை அவர்கள்தான் காட்ட வேண்டும். ஆனால் வேகம் 60-ஐத் தாண்டியிருந்தது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், இப்போது எழுதும் கடிதத்தில் மறுபடியும் "60-க்குள்தான்" என்று அழுத்தி எழுதாதீர்கள். முதல் தடவை சொன்னதைப் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம், நிதானமாக உட்கார்ந்து எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. "மீட்டரைப் பார்க்கவில்லை, ஒரு மதிப்பீடாகச் சொன்னேன்" என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள்.

வழிமுறை சுருக்கமாக. நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆட்சேபம் எழுதக் குறைந்தது 90 நாள் உங்களுக்கு உண்டு, அது முடிந்தபின் வழக்குப் போட இன்னும் குறைந்தது ஆறு மாதம். 2018-இல் வந்த பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகள் அப்படிச் சொல்கின்றன, கடிதத்திலேயே இதை அவர்கள் எழுதியிருக்க வேண்டும். ஆட்சேபத்தோடு ஒரிஜினல் வீடியோ ஃபைலையும் உங்கள் போன் பேச்சின் பதிவையும் கேளுங்கள், உங்கள் குரல் உங்கள் சொந்தத் தகவல், பொப்பியா என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அதைக் கேட்க உரிமை இருக்கிறது. கராஜுக்கும் இன்றைக்கே நேரில் போய் ஃபைலை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், இந்த ரெக்கார்டர்கள் பழையதன்மேல் புதியதைப் பதிந்துகொண்டே போகும்.

கம்பெனி மசியவில்லை என்றால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஒம்பட் அலுவலகம். 2024 மார்ச் 1 முதல் பழைய குறுகியகால இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேன் அதில்தான் சேர்ந்திருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். அங்கே காகிதத்தையும் வீடியோவையும் வைத்துத்தான் பார்ப்பார்கள், சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதெல்லாம் இல்லை, அதனால் டேப் வைத்து எடுத்த போட்டோ, வெள்ளைக் கார் தெரியும் ஃப்ரேம், ரோபோ அட்டவணை எல்லாம் கடிதத்தோடு போக வேண்டும். அங்கே தோற்றாலும் கோர்ட் கதவு மூடிவிடாது, 84,000 ரேண்ட் மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வரம்புக்குள்தான் வருகிறது.

கேள்வி: அண்ணா, என் காரில் டாஷ்கேம் இருக்கிறது. பின்னால் வந்து இடித்தவனின் வீடியோவைக் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தெளிவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது" என்கிறார்கள். நானும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்த பகுதியைத்தான் வெட்டினேன்!

— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, சண்டை இல்லாத வீடு எது, அசெஸர் வீட்டிலும் நடக்கும். வெட்டாத ஃபைலைக் கொடுங்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் அதில் போய்விடும். மின்னணுத் தகவல் தொடர்பு தொடர்பான 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பதிவுகளை மின்னணு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது என்கிறது, ஆனால் எப்படி எடுத்தது, எப்படிச் சேமித்தது, மாற்றம் இல்லாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அதற்கு எடை கொடுக்கச் சொல்கிறது. கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள், மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள ஃபைல்களையும் சேர்த்து யுஎஸ்பியில் பிரதி எடுத்துக் கொடுங்கள். டாஷ்கேம் கடிகாரம் தப்பான நேரம் காட்டினால் அதை முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் கண்டுபிடித்தால் வேறு மாதிரி ஆகிவிடும். குரல் கேட்பது சங்கடமாக இருந்தால் ஒலி நீக்கிய பிரதி ஒன்றையும் கொடுத்து, முழு ஒரிஜினல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன் என்று எழுதுங்கள். ஃபேஸ்புக்கில் மட்டும் போடாதீர்கள், அவனுடைய நம்பர் பிளேட்டோடு நீங்கள் எழுதும் நாலு வார்த்தை நாளைக்கு உங்களுக்கே எதிராக வரும்.

கேள்வி: வீடியோவில் தப்பு முழுக்க எதிர்க்காரர் மேல் என்று தெளிவாக இருக்கிறது, கம்பெனியும் ஒத்துக்கொண்டது. ஆனாலும் 7,500 ரேண்ட் எக்ஸஸை (கிளெய்மில் நாம் கட்ட வேண்டிய பங்கு) என்னிடமே பிடித்துவிட்டார்கள். அவருக்கு இன்சூரன்ஸே கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?

— வாசகர், லெனேசியா

பதில்: தென்னாப்பிரிக்க நியாயம்தான். எக்ஸஸ் என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், தப்பு யார் மேல் என்பது அதில் வராது. இங்கே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, ரோட் ஆக்சிடெண்ட் ஃபண்ட் உடல் காயத்துக்கு மட்டும்தான் கொடுக்கும், தகரத்துக்குக் கொடுக்காது. கம்பெனி எதிர்க்காரரிடம் பணம் வசூலிக்கப் போகிறதா, போனால் உங்கள் எக்ஸஸையும் சேர்த்துக் கேட்குமா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே அவருக்கு ஒரு டிமாண்ட் லெட்டர் (பணம் கேட்கும் கடிதம்) அனுப்பிவிட்டு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம், 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீலுக்கு அங்கே இடமில்லை. வீடியோவைப் போட்டுக் காட்ட லேப்டாப்பை நீங்களே சார்ஜ் ஏற்றி எடுத்துப் போங்கள். உங்கள் பக்கமும் கொஞ்சம் தப்பு இருப்பதாக அங்கே தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் நினைத்தால் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் கொடுப்பார். விபத்து நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் சம்மன் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அவருடைய இப்போதைய முகவரி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சம்மனைக் கொடுக்கவே முடியாது.