கை தூக்கச் சொன்னது யார்?

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் நான். பி.எட். படிக்கும்போது படித்த, உளவியலாளர் கோல்பெர்க்கின் ஹெய்ன்ஸ் கதையைப் போன வாரம் வகுப்பில் சொன்னேன். ஹெய்ன்ஸ் என்பவரின் மனைவிக்குப் புற்றுநோய். மருந்தைக் கண்டுபிடித்த கடைக்காரர் அடக்கவிலையைப் போலப் பத்து மடங்கு கேட்கிறார். ஹெய்ன்ஸால் பாதிதான் புரட்ட முடிகிறது. கடைக்காரர் மசியவில்லை. திருடலாமா?

31 பேர் ‘கூடாது’ என்று கை தூக்கினார்கள். ஒரு பையன் எழுந்து ஐந்து நிமிடம் பேசினான். பாதிப்பேர் மாறிவிட்டார்கள். இடைவேளையில் பாராட்டியபோது, “கூடாதுன்னு பேசியிருந்தாலும் மாத்தியிருப்பேன் சார்” என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாணவி, “ஊர்ல வசூல் பண்ணலாம்ல சார்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ‘கேள்விக்குப் பதில் சொல்லும்மா’ என்று உட்கார வைத்துவிட்டேன்.

மனசாட்சி இல்லாத பேச்சாளர்களை உருவாக்குகிறோமா?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பையனை விடுங்கள், உண்மையைச் சொல்லியிருக்கிறான். கல்லூரியில் சீட்டுக் குலுக்கி வந்த தலைப்பில், ‘முதியோர் இல்லம் தேவையே’ என்று பேசி எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கியவன் நான். அன்றிரவு விடுதிச் சமையல்காரர் எனக்கு மட்டும் ஒரு கரண்டி குழம்பு அதிகம் ஊற்றி, “நீங்க பேசினதுக்கப்புறம்தான் தம்பி மனசு ஆறுச்சு” என்றார். அவருடைய அம்மா எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேரியர் இன்னும் வீட்டில் இருக்கிறது, மூடி மட்டும் தொலைந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது நீங்கள் கைகளை எண்ணியதுதான். எண்ணினால் அது தேர்தல். தேர்தல் என்றால் ஜெயிக்கத்தான் பார்ப்பான். கோல்பெர்க் 1950களில் சிகாகோ பையன்களிடம் இந்த மாதிரிக் கதைகளைச் சொன்னபோது, திருடலாம், கூடாது என்பதில் எதைச் சொன்னார்கள் என்று பார்க்கவில்லை. ஏன் என்று சொன்னதைத்தான் பார்த்தார்.

அப்புறம் அந்தப் பெண். கோல்பெர்க்கோடு வேலை பார்த்த கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய புத்தகத்தில் இதே கதைக்குப் பதில் சொல்லும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். கடன் வாங்கலாமே, அவன் ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் பார்த்துக்கொள்வது, கடைக்காரரிடம் இன்னும் பேசிப் பார்க்கலாமே என்கிறாள். அறச் சிந்தனையின் வளர்ச்சியை அளக்கும் கோல்பெர்க்கின் அளவுகோலில், அதே புத்தகத்தில் ‘உயிர் பெரியது, பணம் சிறியது’ என்று கணக்குப்போல் சொன்ன ஒரு பையன்தான் அவளைவிட மேலே நின்றான். அவள் கேள்வியைத் தவறவிடவில்லை, வேறொரு கேள்வியைக் கேட்டாள் என்பது கில்லிகனின் வாதம். உங்கள் மாணவி கேட்டதும் அதைத்தான்.

வசூல் என்றதும் சிரித்தார்களே, மருந்து விலையை வேறு வழியில் இறக்கிய கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்ஸவார் மாத்திரையை பேயர் நிறுவனம் மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கட்டாய உரிமம் கொடுத்து, பேயர் சம்மதிக்காமலேயே அதே மருந்தை நாட்கோ என்ற இந்திய நிறுவனம் செய்ய அனுமதித்தது. விலை ஏறக்குறைய 8,800க்கு வந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. இனி யார் பணம் போட்டுப் புது மருந்து கண்டுபிடிப்பார்கள் என்று மருந்து நிறுவனங்கள் கேட்டன. அதுவும் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. இதைக் கொண்டுபோய் வகுப்பில் போடுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பதில் சொல்ல எழுபவர், எதிராளி சொன்னதை முதலில் தன் வாயால் சொல்லவேண்டும். ‘ஆமா, நான் சொன்னது இதுதான்’ என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே தன் கட்சி. உங்கள் பேச்சாளருக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். முதலில் அந்தப் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள், உட்கார வைத்ததற்கு ஒரு ‘சாரி’யும் சொல்லிவிட்டு.